பச்சை மாறாத நாற்பத்தேழு

1

இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருடம் முடிந்த அன்று, வாழ்த்துச் சொல்வதுபோல ஒரு கடிதம் வந்தது. சுங்க அலுவலகத்திலிருந்து. இந்தியாவிலிருந்து என் பெயருக்கு ஒரு பொட்டலம் வந்திருக்கிறது, உள்ளே தானியம் இருப்பதாகத் தெரிகிறது, அடையாள அட்டையோடு நேரில் வந்து விளக்கவும் என்று எழுதியிருந்தார்கள். ஜெர்மனியில் அரசாங்கக் கடிதம் எதுவானாலும் முதலில் அலமாரிமேல் வைத்துவிடுவேன். பிறகுதான் படிப்பேன்.

பள்ளி விடுமுறை என்பதால் மகள் இனியாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு எட்டு வயது. ஒரு வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த குழந்தை. இப்போது நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். தமிழில் சொல்லு என்றால் வாயை மூடிக்கொள்கிறாள்.

அதிகாரி பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். ஆரணியிலிருந்து என் தம்பி குமரேசன் அனுப்பியது. அவன் வயலில் விளைந்த அரிசி. புடவைக் கடை அட்டைப்பெட்டிக்குள் பையை வைத்துக் கட்டி, மேலே சிவப்புப் பேனாவில் ஆங்கிலத்தில் ‘கிஃப்ட்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். அப்படி எழுதினால் வரி போடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

இனியா அதைப் படித்தாள். முகம் மாறிவிட்டது.

“அம்மா, மாமா ஏன் விஷம்னு எழுதியிருக்காரு?” என்று ஜெர்மனில் கேட்டாள்.

ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு விஷம் என்று பொருள். அதிகாரி சிரித்துவிட்டார். ஆங்கிலம் தெரிந்த மனிதர், இதுபோல எத்தனையோ பெட்டி பார்த்திருப்பார். நானும் சிரித்தேன். ஆனால் கையெழுத்தை இரண்டு முறை அடித்துப் போட்டதை இனியா பார்த்துக்கொண்டிருந்தாள். டிராமில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டாள். இந்த முறை தமிழில்.

“நெஜமாவே இதுல விஷம் இருக்கா? நீ அன்னிக்கு போன்ல உன் ஆபீஸ் அன்னெட்கிட்ட சொன்னியே, அரிசியில ஏறியிருக்குன்னு.”

“இதுல இல்ல,” என்றேன்.

இல்லை என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் யாருக்குமே தெரியாது.

2

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் அந்தப் பதிலில் இருந்த பயம் புரியும்.

நான் ஒரு ஆய்வுக்கூடத்தில் நெற்பயிரின் மரபணுக்களை ஆராய்கிறேன். என் அப்பா ஆரணி ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அரிசி எங்களுக்கு அப்பாவின் முதுகு வழியாக வந்தது. அந்த அரிசியைப் பற்றிப் படித்து, பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்டு, கடைசியில் நெல் விளையாத ஒரு நாட்டில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே அதை வளர்த்துச் சம்பளம் வாங்குகிறேன். முதல் வருடம் அயல்நாட்டினர் அலுவலகத்தில் பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டார்கள். பயணத்துக்கு இங்கே ‘ரைஸெ’, அரிசிக்கு ‘ரைஸ்’. எனக்குக் கடைசி எழுத்து காதில் விழவில்லை. அரிசியின் நோக்கம் என்ன என்று கேட்பதாக நினைத்து, ஆர்சனிக் பற்றி ஐந்து நிமிடம் விளக்கினேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். பிறகு ‘வேலை’ என்று ஒரே சொல் எழுதிக்கொண்டார்.

ஆர்சனிக் என்பது மண்ணிலும் சில ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் இயற்கையாகவே இருக்கும் விஷம். நிறம் இல்லை, ருசி இல்லை. ஒரே நாளில் ஆளைக் கொல்லும் அளவில் அது சோற்றில் வராது. வருடக்கணக்கில் உள்ளே சேர்ந்து வேலை செய்யும். மற்ற தானியங்களைவிட நெல்லுக்கு இதில் ஆபத்து அதிகம். வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது மண்ணுக்குள் காற்று அற்றுப்போகிறது. அதுவரை மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த ஆர்சனிக் கழன்று தண்ணீருக்கு வருகிறது. நெல்லின் வேரில் சிலிக்கான் என்னும் மணற்சத்தை உள்ளே இழுப்பதற்கென்று ஒரு வாசல் இருக்கிறது. உமி சொரசொரப்பாக இருப்பது அந்தச் சத்தினால்தான். ஆர்சனிக் அந்த வாசலில் மணற்சத்துபோல வேஷம் போட்டுக்கொண்டு நுழைந்துவிடும்.

நுழைந்த பிறகு என்ன ஆகிறது என்பது ரகத்துக்கு ரகம் வேறுபடும். சில ரகங்கள் வேரிலிருந்தே அதை வெளியே தள்ளும். சில ரகங்கள் தண்டின் கணுக்களில், செல்லுக்குள் இருக்கும் ஒரு சின்ன அறையில் போட்டுப் பூட்டும். பூட்டைச் செய்வதும் வாசலைச் செய்வதும் மரபணுக்கள். எந்த ரகத்தில் எந்தப் பூட்டு வலுவாக இருக்கிறது என்று கண்டுபிடித்தால், மண் கெட்டுப்போன ஊர்களுக்கும் ஒரு நல்ல நெல்லை உருவாக்கலாம். இதுதான் என் வேலை.

விதை வங்கியிலிருந்து வந்த ரகங்களைத் தொட்டிகளில் வளர்த்தோம். மண்ணில் நாங்களே ஆர்சனிக்கைக் கலந்தோம். ஒவ்வொன்றாக மஞ்சளித்தன, குட்டையாயின, நுனி கருகின. நாற்பத்தேழாம் எண் மட்டும் எதுவுமே நடக்காததுபோலத் தளதளவென்று நின்றது. பதிவேட்டைப் புரட்டினேன். பல வருடங்களுக்கு முன்பு எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் சேகரித்த ரகம். படவேட்டுக்குப் பக்கத்தில் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் தம்பி பயிரிட்டுக்கொண்டிருந்த அதே ரகம். அதன் பெயரை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

பள்ளி விட்டு என்னோடு வந்திருந்த இனியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கூடத்தில் நின்றபடியே அவனுக்கு வீடியோ அழைப்புப் போட்டுத் தொட்டியைக் காட்டினேன்.

“பாருடா குமரா, உன் நெல்லு! விஷத்தக் கலந்து வெச்சிருக்கோம், சுத்தி இருக்கறதெல்லாம் கருகிப்போச்சு. உன்னுது மட்டும் எப்படி நிக்குது பாரு!”

“அட்ரா சக்க,” என்றான் அவன். “நம்ம ஊரு நெல்லுன்னா சும்மாவா?”

அவ்வளவுதான் பேசினோம். செடி தாங்குகிறது என்று சொன்னேன். அரிசி நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் அவன் அப்படி எடுத்துக்கொண்டபோது நான் திருத்தவும் இல்லை. எனக்கே அன்று அப்படித்தான் தோன்றியது. ஏழு வருடம் படித்தவளுக்கு.

3

குமரேசன் மில்லின் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஐந்து வருடமாகத்தான் விவசாயம். அவன் மனைவி தாமரை முள்ளிப்பட்டுப் பெண், வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்கிறாள். லாரியை விட்டுவிட்டுக் குத்தகை நிலத்தில் இறங்கினபோது ஊரே சிரித்தது. பழைய ரகம் போடுகிறேன் என்றபோது இன்னும் சிரித்தது. விளைச்சல் குறைவு, வாங்க ஆள் இல்லை.

அவன் கையில் நான் அந்தச் செய்தியைக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் வயலில் நின்று ஒரு வீடியோ எடுத்துப் போட்டான். “எங்க அக்கா ஜெர்மனியில சயின்டிஸ்ட்டுங்க. அவங்க லேப்ல வெச்சி பார்த்துட்டாங்க. விஷத்தையே முறிக்கிற நெல்லுங்க இது!” கழுத்தில் புதுத் துண்டு, பின்னால் ஜவ்வாது மலை. நான் பார்த்துச் சிரித்தேன். ‘முறிக்கிற’ என்ற சொல் ஒரு நொடி உறுத்தியது. பெருமையில் பேசுகிறான், போகட்டும் என்று ஒரு இதயப் படம் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

கதிர் முற்றியதும் அறுத்தோம். அரிசியை மாவாக்கிக் கரைத்து இயந்திரத்தில் கொடுத்தோம். திரையில் வரிசையாக எண்கள் வந்தன. நாற்பத்தேழுக்கு வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மாதிரிக் குப்பியில் ஒட்டிய சீட்டைப் பார்த்தேன். மறுபடியும் திரையைப் பார்த்தேன். கருகிப்போன பல செடிகளின் அரிசியைவிட, பச்சை மாறாமல் நின்ற அந்தச் செடியின் அரிசியில் ஆர்சனிக் கூடுதலாக இருந்தது.

அதன் மரபணுவைப் படித்தபோது ஓரளவு விளங்கியது. கணுவில் பூட்டும் மரபணு அதில் சற்று வேறு மாதிரி இருந்தது. பூட்டு தளர்ந்திருக்கலாம். செடி வேறு ஏதோ வழியில் தன் இலைகளைக் காப்பாற்றிக்கொள்கிறது. விஷம் மட்டும் மேலே மேலே ஏறி மணிக்குள் உட்கார்ந்துவிடுகிறது. தாங்குவது ஒரு குணம், சேர்க்காமல் இருப்பது வேறு குணம். இரண்டும் ஒன்றாகத்தான் வரும் என்று எந்தச் செடியும் எங்களிடம் சொல்லவில்லை.

குழுத் தலைவர் அன்னெட்டிடம் போனில் சொன்னேன். இனியா கேட்டது அந்தப் பேச்சைத்தான்.

“ஒரு அறுவடையை வைத்து எதையும் சொல்ல முடியாது,” என்றார் அன்னெட். “இரண்டாவது தொகுதி இரண்டு மாதத்தில் அறுவடைக்கு வரும். அதுவரை வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது.”

அப்படி ஒரு தாளில் நான் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். என் வேலை ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. நீட்டிப்புக் கடிதம் அன்னெட் எழுத வேண்டும். அந்தக் கடிதம் இருந்தால்தான் இங்கே தங்கும் அனுமதி. கணவருக்கு வேறு நகரத்தில் வேலை, அதுவும் தற்காலிகம்தான். ஒரு காகிதத்தின் மேல் இன்னொரு காகிதத்தை நிறுத்தி அதன் மேல் நாங்கள் மூன்று பேரும் குடியிருக்கிறோம்.

ஆகவே தம்பியிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் தினமும் போனை எடுப்பேன், வைப்பேன். வீட்டில் குக்கரை மூட்டை கட்டிவிட்டு, நிறையத் தண்ணீரில் அரிசியைக் கொதிக்கவைத்துக் கஞ்சி வடிக்க ஆரம்பித்தேன். வடித்தால் ஆர்சனிக் கொஞ்சம் கழியும். இனியா தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கினால் முன்பெல்லாம் அதட்டுவேன். இப்போது பேசாமல் எடுத்துக்கொண்டேன்.

அந்த நிலைமையில்தான் அரிசிப் பொட்டலம் வந்தது. மறுநாளே அதில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு போய், அன்னெட்டிடம் அனுமதி கேட்டு இயந்திரத்தில் கொடுத்தேன். முடிவு வரும்வரை இனியாவுக்கு உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான். இங்கே கடையில் விற்கும் அரிசியில் இருக்கும் அளவைவிடக் கூடுதலாக ஒன்றும் இல்லை என்று வந்தது. தம்பியின் மண் சுத்தம். மண்ணில் விஷம் இல்லையென்றால் அந்த நெல்லுக்கு ஏற்றிக்கொள்ள எதுவும் இல்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது, எல்லாம் முடிந்தது, இனி இரண்டாவது அறுவடை வரை பொறுமையாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

4

அடுத்த வெள்ளிக்கிழமை, இங்கே காலை பத்து மணி. தாமரையிடமிருந்து ஒரு படம் வந்தது. லாரி ஆபீஸ் வாசலில் வரிசையாக மூட்டைகள், மேலே மஞ்சள் தடவிப் பூ வைத்திருந்தார்கள். கீழே எழுதியிருந்தாள்: ‘அண்ணி, நம்ம வெத நெல்லு வடக்க போவுது. அங்க தண்ணியில ஏதோ விஷமாம். வீடியோ பாத்துட்டு தொண்டு நிறுவனத்துக்காரரு கேட்டாரு. இவருக்கு தல கால் புரியல.’

ஆய்வுக்கூட நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். கெட்டுப்போன தண்ணீர் இருக்கும் ஊரைத் தேடி, அந்தத் தண்ணீரின் விஷத்தை மணியில் ஏற்றும் நெல் போகிறது. பயிர் பச்சையாக நிற்கும். யாருக்கும் சந்தேகம் வராது. கருகுகிற ரகமாக இருந்தாலாவது பயந்து விட்டுவிடுவார்கள்.

அன்னெட்டின் அறை நாலு கதவு தள்ளி இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. நான் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்த் தம்பியைக் கூப்பிட்டேன்.

“இன்னாக்கா, வேலை நேரத்துல கூப்புடற? இனியா நல்லாகிறாளா?”

“நல்லாகிறா. அந்த மூட்டைங்க எங்கடா?”

“லாரி ஆபீஸ்ல கீது. சாயங்காலம் வண்டி ஏறிடும். படம் பார்த்தியா?”

“அனுப்பாத.”

“இன்னாது?”

“அனுப்பாதடா குமரா. ஜல்தியா போய் திருப்பி எடுத்துகினு வா.”

அவனுக்குப் பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

“இன்னாக்கா வெளையாடறியா? நீதானே காட்டின, எல்லாம் கருகிப்போச்சு, நம்மளுது மட்டும் நிக்குதுன்னு?”

“நின்னுச்சு. செடி நல்லாத்தான் நின்னுச்சு. அரிசியை எடுத்துப் பார்த்தா விஷம் அதுலதான் ஏறிகினு போயிருக்கு.”

“அப்ப நாங்க துன்றது? ரெண்டு பசங்க துன்னுதுங்களே!”

“உன் அரிசியில இல்ல. நீ அனுப்பினத நானே டெஸ்ட் பண்ணிட்டேன். உன் மண்ணுல அது இல்ல. ஆனா அவங்க தண்ணியில இருக்கு. அங்க போட்டா அது ஏத்திக்கும்.”

“எப்ப தெரியும் உனக்கு?”

படிக்கட்டில் யாரோ ஏறி வந்தார்கள், ஒதுங்கி வழிவிட்டேன்.

“எப்பக்கா தெரியும்?”

“நாலு வாரம் ஆகுது.”

“நாலு வாரமா வாயில இன்னா வெச்சிகினு இருந்த?” அவன் என்னிடம் இப்படிக் கத்தியதே இல்லை. “ஊர் முழுக்க சொல்லிகினு திரியிறேன் நானு, எங்க அக்கா எங்க அக்கான்னு. மூட்டைய திருப்பி எடுத்துகினு வந்தா எவன் மூஞ்சில முழிப்பேன்? பேஜார் பண்ணிட்டக்கா!”

மரபணு, கணு, பூட்டு என்று ஏதேதோ சொன்னேன். பாதி ஜெர்மனில் வந்து விழுந்தது. அவசரத்தில் எனக்குத் தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை. என் மகளைக் குறை சொல்லும் நான்.

தறிச் சத்தம் நின்றது. தாமரை போனை வாங்கினாள்.

“அண்ணி, நான் கேக்கறதுக்கு மட்டும் சொல்லுங்க. அந்தச் செடிக்கு ஒண்ணும் ஆவாது. துன்றவங்களுக்குத்தான் ஆவும். அப்படித்தானே?”

“அப்படித்தான் தாமரை.”

“அங்கயும் கொழந்தைங்க இருக்குமில்ல?”

“இருக்கும்.”

“நிச்சயமா தெரியுமா, இல்ல சந்தேகமா?”

“ஒரு தடவைதான் பார்த்திருக்கோம். சந்தேகம்தான்.”

“சந்தேகம் போதும்,” என்றாள். பிறகு என்னிடமில்லை, அவனிடம்: “எழுந்துருங்க. வண்டிய எடுங்க.”

5

இரண்டு மணி நேரம் கழித்துத் தம்பியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. ‘எடுத்துட்டேன்.’ அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் அனுப்பியதை எல்லாம் படித்ததாக நீலக் கோடு விழும். பதில் வராது.

அன்று மத்தியானமே அன்னெட்டின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியங்கள் எல்லாம் வினைச்சொல் இடம் மாறி உடைந்தன. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.”

“தெரியும்.”

“என்னிடம் முதலில் கேட்டிருக்கலாமே? நாலு கதவுதானே?”

“கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?”

அவர் மேசையில் இருந்த பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார். “காத்திரு என்று சொல்லியிருப்பேன்,” என்றார் கடைசியில். “அதை நினைத்தால் எனக்கே நன்றாக இல்லை. ஆனாலும் இதை மேலே எழுதித்தான் ஆக வேண்டும்.”

எழுதினார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. நீட்டிப்புக் கடிதமும் வரவில்லை. தினமும் கீழே போய் அஞ்சல் பெட்டியைத் திறக்கிறேன். விளம்பரத் தாள்கள்தான் இருக்கின்றன. வீட்டுக்காரர் ஏதோ குழாய் பழுதுக்காக ஒட்டிய அறிவிப்பைத் தூரத்தில் பார்த்துவிட்டு, எங்களை வெளியேறச் சொல்லித்தான் ஒட்டியிருக்கிறார் என்று ஒரு நாள் பாதிப் படியிலேயே நின்றுவிட்டேன். இனியா பள்ளியில் அடுத்த வருடச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். கொடு என்றேன்.

அவளுக்கு என் மேல் ஒரு கோபம் இருந்தது. டிராமில் ‘இதுல இல்ல’ என்று சொன்னாயே, அப்போது உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். “அப்ப தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே,” என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

போன வாரம் இரண்டாவது தொகுதியை அறுத்து இயந்திரத்தில் கொடுத்தோம். என் சந்தேகம் தவறாக இருக்க வேண்டும், தம்பி என்னைத் திட்டினாலும் பரவாயில்லை என்று ஒரு மனசு. சரியாக இருந்தால்தான் நான் செய்ததற்கு நியாயம் என்று ஒரு மனசு. இரண்டும் சேர்ந்து அன்று காலை எதையும் சாப்பிட விடவில்லை. நாற்பத்தேழின் எண் திரையில் வந்தது. முதல் முறை வந்ததற்குப் பக்கத்திலேயே இருந்தது.

தம்பிக்கு அனுப்பினேன். ‘உறுதியாயிடுச்சு. நீ மூட்டையை எடுத்தது சரி.’ நீலக் கோடு விழுந்தது.

6

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தாமரை ஒரு இணைப்பை அனுப்பி, ‘பாருங்க அண்ணி’ என்று மட்டும் எழுதியிருந்தாள்.

குமரேசன் அதே வயலில் நின்று புதிதாக ஒரு வீடியோ போட்டிருந்தான். துண்டு இல்லை. கண்ணைக் கேமராவுக்குக் காட்டாமல் வரப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“முன்ன போட்ட வீடியோவுல விஷத்த முறிக்கும்னு சொன்னேனுங்க. அது தப்பு. இந்த நெல்லு விஷத்த தாங்கும், முறிக்காது. ஆர்சனிக் இருக்கற தண்ணி, மண்ணு உள்ளவங்க தயவுசெய்து இத போடாதீங்க. நீங்க எந்த ரகம் போட்டாலும் தண்ணிய டெஸ்ட் பண்ணிக்குங்க. வயல்ல எப்பவும் தண்ணி கட்டி வெக்காம, காய்ச்சலும் பாய்ச்சலுமா வுடுங்க, அதுல கொஞ்சம் குறையுமாம். எங்க அக்கா சரியாத்தான் சொன்னாங்க. படிக்காதவன், நான்தான் தப்பா புரிஞ்சிகினு சொல்லிட்டேன். மன்னிச்சிக்குங்க.”

முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் நூற்றில் ஒருவர்கூட இதைப் பார்த்திருக்கமாட்டார்கள். கீழே இரண்டே இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். இன்னொருவர், ‘லாரி ஓட்டினவனுக்கு எதுக்குயா சயின்ஸ்’ என்று எழுதியிருந்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு சமையலறையில் நெடுநேரம் நின்றேன். இனியா பக்கத்தில் வந்து திரையை எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வீடியோவில் மாமா என்ன சொன்னார், கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

“ஆனா அவர் தப்பா புரிஞ்சுக்கல. நீதான் போன்ல கத்தின, உன் நெல்லு உன் நெல்லுன்னு. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

என் பெயரிலேயே, ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த முழுப் பெயரிலேயே, அந்த வீடியோவின் கீழே எழுத ஆரம்பித்தேன். வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது என்ற தாள் நினைவில் இருந்தது. செப்டம்பருக்கு இன்னும் எத்தனை நாள் என்பதும் நினைவில் இருந்தது. நாலு முறை அழித்து எழுதினேன். கடைசியில் இதுதான் நின்றது: ‘என் தம்பி தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. செடி பச்சையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, அரிசியைச் சோதிக்கும் முன்பே அவனிடம் பெருமையாகச் சொன்னது நான். சோதித்த பிறகும் நாலு வாரம் சொல்லாமல் இருந்தது நான். அவன் இப்போது சொல்வது உண்மை. தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள்.’

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, போன் அடித்தது. ஆறு வாரத்துக்குப் பிறகு அவன் குரல்.

“எதுக்குக்கா அத எழுதின? உன் வேலைக்கு ஏதாவது ஆயிடப் போவுது. அழி மொதல்ல.”

“அழிக்க மாட்டேன்டா.”

“சொன்னா கேளுக்கா. நான் இங்க சமாளிச்சிக்குவேன். நீ அங்க தனியா கீற.”

“குமரா, அழிக்க மாட்டேன்.”

அவன் வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.